இரண்டு விலைகளுக்கு நடுவே

ரூபாயைக் கொடுத்து டாலரோ சிங்கப்பூர் வெள்ளியோ திர்ஹாமோ வாங்கும்போது கைவிட்டுப் போவது எவ்வளவு? எங்கே, எப்படி வாங்கினால் அது குறையும்?

நாணய மாற்றுக் கடையின் பலகையில் ஒவ்வொரு நாட்டுக் கொடிக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, உங்களிடமிருந்து கடைக்காரர் வாங்கும் விலை. மற்றது, உங்களுக்கு அவர் விற்கும் விலை. கீழே கொட்டை எழுத்தில் ‘கமிஷன் கிடையாது’ என்று ஒட்டியிருப்பார்கள். அது பொய்யில்லை. கமிஷன் என்ற பெயரில் அங்கே ஒரு பைசாவும் வாங்குவதில்லை. கடை வாடகை, ஊழியர் சம்பளம், காவலாளி, முதலாளியின் லாபம் எல்லாம் அந்த இரண்டு எண்களின் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், தனியாகக் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அந்த இடைவெளியில் மூன்றாவதாக ஓர் எண்ணும் இருக்கிறது. அதைப் பலகையில் யாரும் எழுதுவதில்லை. வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும் சந்தை விலை அது. கூகுளில் தேடினால் வருவது ஏறக்குறைய அந்த விலைதான். இந்தியாவில் ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்குக் குறிப்பு விலை வெளியிடுகிறது. 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே செய்துவந்த வேலை இது. இந்த விலைக்கே நோட்டு வேண்டும் என்று கவுன்டரில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா, அநியாயமா என்று அளந்து பார்க்க இதைவிட்டால் வேறு அளவுகோல் கிடையாது. வெளிநாட்டுப் பணம் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுலா கிளம்பும் ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கைச்செலவுக்கு 2,000 வெள்ளி வேண்டும். சந்தை விலை வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடக்கம் 1,30,000 ரூபாய். ஊருக்குள் நாலு கடை விசாரித்து 66 ரூபாய்க்கு வாங்கினால் 1,32,000. எதையும் விசாரிக்காமல் விமானம் ஏறப் போகும்போது 70 ரூபாய்க்கு வாங்கினால் 1,40,000. இதே செலவைச் சாதாரண கிரெடிட் கார்டில் தேய்த்தால், பெரும்பாலான வங்கிகள் போடும் 3.5 சதவீத மார்க்கப்பும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம் கூடும். மொத்தம் சுமார் 1,35,400.

ஒரே பணம்தான். வாங்கும் இடத்தையும் வழியையும் பொறுத்து 8,000 ரூபாய் வித்தியாசம்.

இந்தக் கணக்கில் ஜிஎஸ்டிக்கு எவ்வளவு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நாணய மாற்றுக்கு வரி போட ஒரு தனிச் சூத்திரம் இருக்கிறது. முதல் 1 லட்சம் ரூபாய்க்கு அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதம், அதற்கு மேல் 0.1 சதவீதம். அந்த மதிப்பின் மீதுதான் 18 சதவீத வரி. 1,32,000 ரூபாய்க்கு மாற்றினால் வரி 209 ரூபாய் வரும். எவ்வளவு பெரிய தொகையை மாற்றினாலும் 10,800 ரூபாயைத் தாண்டாது. ரசீதில் வரி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிக் கவுன்டரில் வாக்குவாதம் நடக்கிறது. 8,000 ரூபாய் எந்த ரசீதிலும் தனியாக அச்சாவதில்லை, அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விமான நிலையத்தில் மட்டும் ஏன் இந்த விலை?

வாடகை ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அங்கே வந்து நிற்பவருக்குப் பேரம் பேச நேரமும் இல்லை, பக்கத்துத் தெருவுக்குப் போய் விசாரிக்க வழியும் இல்லை. இது கடைக்காரருக்குத் தெரியும். 2016-இல் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு பவுண்டு சரிந்திருந்த அக்டோபர் மாதத்தில், சந்தையில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 1.10 யூரோ இருந்தது. பிரிட்டனின் பல விமான நிலையக் கவுன்டர்களில், முன்பதிவு செய்யாமல் வந்து நின்றவர்களுக்கு ஒரு பவுண்டுக்கு ஒரு யூரோகூடக் கிடைக்கவில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் கவுன்டரிலேயே கரைந்தது.

இதில் ‘முன்பதிவு செய்யாமல்’ என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். கவுன்டரை நடத்தும் கம்பெனியின் இணையதளத்தில் முந்தைய நாளே பதிவு செய்துவிட்டு, அதே விமான நிலையக் கவுன்டரில் போய் வாங்கிக்கொண்டால் விலை குறையும். இந்தியாவிலும் இப்படித்தான். கவுன்டரும் நோட்டும் ஆளும் மாறவில்லை. வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து நாலு விலையை ஒப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

விதிவிலக்கும் உண்டு. கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கியதும் வரிசையாக வங்கிக் கவுன்டர்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் போட்டி இருப்பதால் அங்கே விலை நகரத்து விலையிலிருந்து அதிகம் விலகுவதில்லை. விமான நிலையம் என்றாலே கொள்ளை என்று முடிவு கட்டுவதைவிட, அங்கே எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்று பார்ப்பது உதவும்.

சரக்கு எங்கே குவிகிறது?

நாணயமும் ஒரு சரக்குதான். கோயம்பேட்டில் தக்காளி ஒரு விலை, தெருமுனைக் கடையில் ஒரு விலை என்பது போல, எந்த ஊரில் எந்தப் பணம் வந்து குவிகிறதோ அங்கே அது மலிவு. திருச்சியில் சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய ரிங்கிட்டும் வளைகுடா திர்ஹாமும் தட்டுப்பாடில்லாமல் புழங்குவதற்கு, அந்த ஊர்களுக்கு அங்கிருந்து நேரடி விமானம் பறப்பதும் அங்கே வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு வருவதும் காரணம். காலையில் ஒருவர் கொண்டுவந்து விற்ற வெள்ளியை மதியம் இன்னொருவர் வாங்கிப் போகிறார். கடைக்காரர் அந்த நோட்டை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. இருப்பில் முடங்கிக் கிடக்கும் பணமும் குறைவு. அதனால் இடைவெளியும் குறைகிறது. அதே கடையில் தாய்லாந்து பாட்டோ இந்தோனேசிய ரூபியாவோ கேட்டால் விலை எகிறும். கேட்பவர்கள் உண்டு, கொண்டுவந்து விற்பவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட நாடுகளுக்குப் போகிறவர்கள் இரண்டு முறை மாற்றுவதே பெரும்பாலும் லாபம். இங்கே ரூபாய்க்கு டாலர், அங்கே டாலருக்கு பாட். இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம் என்று தோன்றும். ஆனால் டாலர் எல்லா இடத்திலும் குவிந்து கிடக்கும் சரக்கு. இரண்டு சிறிய இடைவெளிகளைக் கூட்டினாலும் ஒரு பெரிய இடைவெளியைவிடக் குறைவாகவே வரும். பாங்காக்கில் சூப்பர்ரிச் என்ற பெயரில், பச்சை நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் தனித்தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் வரிசைகட்டி நிற்கும் கடைகள் இவை. சந்தை விலைக்கு மிக அருகில் டாலரை எடுத்துக்கொள்வார்கள். அவர்களின் பலகையில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 50-க்கு ஒரு விலை, சில்லறை நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலை. சென்னையில் டாலர் வாங்கும்போதே 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். 1996-க்கு முன் அச்சான, பெஞ்சமின் பிராங்க்ளினின் தலை சிறியதாக இருக்கும் பழைய நோட்டையும் ஆசியாவின் பல கடைகளில் விலை குறைத்தே எடுப்பார்கள்.

விலை மட்டுமே பார்த்து ஓடினாலும் ஆபத்து. பாலித் தீவின் கூட்டா கடற்கரைச் சந்துகளில் பலகை விலை சந்தையையே மிஞ்சும். லட்சக்கணக்கான ரூபியாவைச் சின்னச் சின்ன நோட்டாக எண்ணி மேசையில் அடுக்கும்போது நாலைந்து நோட்டு மேசைக்குப் பின்னால் நழுவிவிடும். வியட்நாமில் நகைக்கடைகளில் டாலர் மாற்றுவது நெடுநாள் பழக்கம். ஆனால் எல்லா நகைக்கடைக்கும் உரிமம் கிடையாது. 2018-இல் கான் தோ நகரத்தில் உரிமம் இல்லாத நகைக்கடையில் 100 டாலரை மாற்றிய ஒருவருக்கு 9 கோடி டோங் அபராதம் விதித்தார்கள். மாற்றிய பணத்தைப் போலப் பல பத்து மடங்கு. நாடெங்கும் எழுந்த கூச்சலில் பின்னர் அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். இந்தியாவில் உரிமம் பெற்ற கடையில் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துவது, மிச்சப் பணத்தைத் திரும்ப விற்கும்போதும் கேள்வி வந்தாலும் கைகொடுக்கும்.

கார்டு தேய்க்கும் கலை

நோட்டாக எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டு. மீதியைக் கார்டிலோ வேறு வகையிலோ கொண்டுபோக வேண்டும். கடையில் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதும் 50,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் என்றால் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுக்க வேண்டும்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிவைக்கும் கார்டு. ஏற்றிய நாளின் விலை அதோடு நின்றுவிடுகிறது. பயணத்துக்குள் ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. ஆனால் டாலர் ஏற்றிய கார்டை யூரோ நாட்டில் தேய்த்தால், ‘கிராஸ் கரன்சி’ என்று பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும். தேவைக்கு மேல் ஏற்றினாலும் நஷ்டம். திரும்பி வந்து மிச்சத்தை இறக்கும்போது வங்கி வாங்கும் விலைதான் கிடைக்கும். போகும்போது ஒரு இடைவெளி, வரும்போது இன்னொன்று. சிக்கனம் தெரிந்தவர் குறைவாக ஏற்றிக்கொண்டு, தேவைப்பட்டால் செல்போனிலேயே கூடுதலாக ஏற்றிக்கொள்வார்.

மார்க்கப் இல்லாத கிரெடிட், டெபிட் கார்டுகளும் சில ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. விசாவும் மாஸ்டர்கார்டும் நிர்ணயிக்கும் விலை சந்தை விலையை ஒட்டியே இருப்பதால், மேலே எதுவும் போடாத கார்டு கையில் இருந்தால் கடைச் செலவுக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, சலுகைக்கு நிபந்தனை ஏதும் உண்டா என்று மட்டும் படித்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி பறக்கிறவருக்கு இது கட்டாயம் வேண்டிய பொருள். வாழ்க்கையில் ஒரு முறை ஹஜ்ஜுக்கோ மகள் பட்டமளிப்புக்கோ போகிறவர் இதற்காகப் புதிதாகக் கணக்கு தொடங்கி அலைவதில் பெரிய லாபமில்லை.

எந்தக் கார்டாக இருந்தாலும் ஒரு பொறியிலிருந்து தப்ப வேண்டும். துபாயில் கடையில் 500 திர்ஹாம் பில் வருகிறது. கார்டைச் செருகியதும் மெஷின் அன்பாகக் கேட்கும்: திர்ஹாமில் கட்டுகிறீர்களா, இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா? ரூபாயில் காட்டினால் நமக்குப் புரியும் என்று பலரும் ரூபாயைத் தொட்டுவிடுவார்கள். அந்த நொடியில் மாற்று விலையை நிர்ணயிப்பது உங்கள் வங்கியல்ல, கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த கம்பெனி. அந்த விலையில் பல சதவீதம் கூடுதலாக ஒளிந்திருக்கும். ரூபாயில் கட்டிய பிறகும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று நம்மூர் வங்கிகள் சில தனிக் கட்டணம் போடும். அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும், அங்கே ‘மாற்றுதலை ஏற்கவில்லை’ என்ற பொத்தானை அழுத்தினாலும் பணம் வரும். ஹோட்டல் அறை முன்பதிவுத் தளங்களும் ரூபாயில் விலை காட்டி இதே வேலையைச் செய்வதுண்டு.

ஏடிஎம் என்றதும் தாய்லாந்து நினைவுக்கு வருவது, வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் அங்கே 220 பாட் அளவில் கட்டணம் பிடிப்பதால்தான். 1,000 பாட் எடுத்தாலும் அதே கட்டணம், 20,000 எடுத்தாலும் அதே கட்டணம். சிறுகச் சிறுக எடுப்பவர் அதிகம் இழப்பார். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

இந்தப் பட்டியலில் புதிதாக யுபிஐயும் சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் மொரிஷியஸிலும் கடைகளில் கியூஆர் ஸ்கேன் செய்து நம்மூர் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். பூட்டான், நேபாளம், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், பிரான்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாக் கடையிலும் செல்லுபடியாகாது. ஆனால் பின் நம்பர் போடுவதற்கு முன்பே எந்த விலையில் மாற்றுகிறார்கள் என்று திரையில் தெரிந்துவிடுவது இதன் பெரிய நல்ல அம்சம்.

பெரிய தொகைக்கு வேறு கணக்கு

மகனுக்கோ மகளுக்கோ அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டணமாக 20,000 டாலர் அனுப்ப வேண்டியவர் நோட்டைப் பற்றி யோசிக்கப் போவதில்லை. அவருக்கு வங்கிதான். டாலருக்கு 50 பைசா கூடக் குறைய என்பது கேட்கச் சின்ன விஷயம். 20,000 டாலருக்கு அது 10,000 ரூபாய்.

பாரத ஸ்டேட் வங்கி ஒவ்வொரு வேலை நாளும் தன் விலைப்பட்டியலை ஒரு தாளாக வெளியிடுகிறது. முதல் தடவை பார்ப்பவர் மிரண்டுபோவார். ஒரே டாலருக்கு எட்டு விலை இருக்கும். வங்கி வழியாக அனுப்பும் பணத்துக்கு ‘டிடி (TT) செல்லிங்’, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு ‘டிடி பையிங்’, ஏற்றுமதி இறக்குமதி பில்களுக்கு இரண்டு, கார்டுக்கு இரண்டு, நோட்டுக்கு இரண்டு. டிடி விலைகளுக்கு நடுவே இடைவெளி குறுகலாக இருக்கும், நோட்டு விலைகளுக்கு நடுவே அகன்றிருக்கும். நோட்டை அச்சிட்ட நாட்டிலிருந்து கொண்டுவந்து, காப்பீடு செய்து, எண்ணி, பூட்டி வைக்க வேண்டும். கணக்கில் மாறும் பணத்துக்கு அந்தப் பாடு இல்லை. தன் வேலைக்கு எந்தப் பத்தியில் உள்ள விலை பொருந்தும் என்று தெரிந்துகொண்டு கிளைக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, வாய்விட்டுக் கேட்பது. தொகை பெரிதாகும்போது கிளை மேலாளர் தலைமை அலுவலகத்தின் கருவூலப் பிரிவிடம் பேசி விலையைக் குறைத்து வாங்கித் தர முடியும். கேட்காதவருக்குப் பட்டியல் விலை. கேட்டவருக்குச் சில பத்து பைசாக்களாவது குறையும். தரகர் ஆப்கள், போட்டி வங்கிகள், நாணய மாற்றுக் கம்பெனிகள் என்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. காலை விலையையும் மாலை விலையையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், சந்தை அதற்குள் நகர்ந்திருக்கும்.

கேட்காதவர்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதற்கு உலகளவில் சாட்சி உண்டு. அமெரிக்காவின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்றான பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன், ஓய்வூதிய நிதிகளின் வெளிநாட்டுப் பணத்தை மாற்றிக்கொடுத்துவந்தது. சிறந்த விலை தருவோம் என்று சொல்லிவிட்டு, அன்றைய நாளின் மோசமான விலையை ஒட்டியே கணக்கு எழுதியது என்பது வழக்கு. 2015-இல் 714 மில்லியன் டாலர் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது. கணக்காயர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த ஓய்வூதிய நிதிகளுக்கே இந்த கதி.

இந்தியாவில் சில்லறை வாடிக்கையாளருக்காக ‘எஃப்எக்ஸ்-ரீட்டெய்ல்’ என்ற தளத்தை கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 2019 ஆகஸ்டில் தொடங்கியது. ரிசர்வ் வங்கியின் யோசனை. வங்கி மூலம் அதில் பதிவு செய்துகொண்டால், வங்கிகள் தங்களுக்குள் பேசும் விலையை ஒட்டிய விலையில் நீங்களே டாலர் வாங்கலாம். வங்கி தன் கூலியை வெளிப்படையாகத் தனியே சொல்லியாக வேண்டும். இவ்வளவு நல்ல வசதி இருந்தும் கிளைகளில் கேட்டால் பல ஊழியர்களுக்கே பெயர் புதிதாக இருக்கும். லாபம் குறையும் ஒரு வசதியை வங்கிகள் விளம்பரம் செய்து கூவி விற்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான். பில் கட்டும் பாரத் கனெக்ட் வசதியோடு இதை இணைக்கும் ஏற்பாடு 2025-இல் தொடங்கியிருக்கிறது. இனியாவது பரவும் என்று நம்பலாம்.

அனுப்பும்போது இன்னொரு கேள்வியையும் மறக்கக் கூடாது: வழியில் இருக்கும் இடைத்தரகு வங்கியின் கட்டணம் யார் தலையில்? அனுப்புகிறவரே எல்லாக் கட்டணத்தையும் ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 20,000 அனுப்பிய இடத்தில் இருபது இருபத்தைந்து டாலர் குறைவாகப் போய்ச் சேரலாம். கட்டணம் முழுதாக வரவில்லை என்று பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்பும். அந்த இருபது டாலரை அனுப்ப மறுபடியும் ஒரு முழுக் கட்டணம் அழ வேண்டும்.

வெளிநாட்டுக்கு ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பவும் கொண்டுபோகவும் உள்ள உச்சவரம்பு 2,50,000 டாலர். 2004-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது 25,000 டாலராக இருந்தது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் டிசிஎஸ் என்று வரி முன்கூட்டிப் பிடிப்பார்கள். சுற்றுலாக் கைச்செலவு, உறவினருக்கு அனுப்புவது போன்றவற்றுக்கு 20 சதவீதம், கல்விக்கும் மருத்துவத்துக்கும் மிகக் குறைவு. 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இது செலவில்லை, ஆனால் சில மாதம் முடங்கிக் கிடக்கும் பணம். தந்தை, தாய் என இருவர் பான் எண்ணிலும் பிரித்து அனுப்பினால் வரம்பு தனித்தனியாகக் கணக்காகும்.

திரும்பி வரும் பணம்

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பணம் எதிர்த்திசையில்தான் அதிகம் ஓடுகிறது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024-இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சுமார் 129 பில்லியன் டாலர். உலகில் முதலிடம். 200 டாலர் அனுப்ப உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸை ஒட்டி சேஞ்ச் ஆலி என்றொரு குறுகிய சந்து இருந்தது. 1989-இல் மூடப்படும்வரை அங்கே தமிழ் முஸ்லிம்கள் பலர் நாணய மாற்றுத் தொழில் நடத்தினார்கள். கப்பலில் வந்திறங்கிய மாலுமிக்கும் உள்ளூர் வணிகருக்கும் அங்கே உடனுக்குடன் பணம் மாறியது. பக்கத்திலுள்ள தி ஆர்கேட் கட்டடத்தில் இன்றும் வரிசையாக நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன, அலுவலகம் விட்டு வருகிறவர்கள் கடை கடையாக விலை கேட்டுப் போவார்கள். தேக்கா பக்கம் முஸ்தபா சென்டரிலும் செராங்கூன் சாலையிலும் ரூபாய்க்கு நல்ல விலை கிடைப்பதற்குக் காரணம், திருச்சியில் வெள்ளிக்குக் கிடைப்பதற்கான அதே காரணம்தான்.

ஆனால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊழியர் இன்று ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கத் தேவையில்லை. 2023 பிப்ரவரி 21-இல் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்தன. தொடக்கத்தில் சேர்ந்த வங்கிகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. பெறுகிறவரின் யுபிஐ முகவரி தெரிந்தால் போதும், சில நொடிகளில் போய்ச் சேரும்.

குறைந்த செலவில் பணம் அனுப்பும் செயலிகளின் கதை ஒரு கோபத்தில் தொடங்கியது. 2008-இல் லண்டனில் வேலை பார்த்த எஸ்தோனியரான கிறிஸ்டோ கார்மன், தனக்குக் கிடைத்த 10,000 பவுண்டு போனஸைத் தாய்நாட்டுக் கணக்குக்கு அனுப்பினார். எதிர்பார்த்ததைவிட 500 பவுண்டு குறைவாகப் போய்ச் சேர்ந்தது. வங்கி கட்டணம் என்று சொன்னது சிறியது, மீதி விலையில் கரைந்திருந்தது. அவருடைய நண்பர் தாவெத் ஹின்ரிகுஸுக்கு ஸ்கைப்பில் யூரோவில் சம்பளம், லண்டனில் பவுண்டில் செலவு. இருவரும் சந்தை விலையைப் பார்த்து, இவர் அவருக்கு லண்டனில் பவுண்டு கொடுக்க, அவர் இவருக்கு எஸ்தோனியாவில் யூரோ கொடுத்தார். எல்லையைத் தாண்டி ஒரு காசும் போகவில்லை. 2011-இல் அதையே கம்பெனியாக்கினார்கள். இன்று அதன் பெயர் வைஸ்.

இந்த முறையைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிரிக்கக்கூடும். லண்டனிலோ டொரன்டோவிலோ ஒரு கடையில் பணத்தைக் கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பணம் வந்துவிடும் உண்டியல் முறையும் அடிப்படையில் இதுதான். வித்தியாசம், உண்டியலுக்கு உரிமமும் ரசீதும் கிடையாது.

உண்டியலுக்கு விலை எப்போது கூடுகிறது என்பதை இலங்கை காட்டியது. 2021-இல் அங்கே மத்திய வங்கி டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தது. வெளியே அதைவிடக் கணிசமாக அதிகம் கிடைத்தது. வெளிநாட்டில் உழைப்பவர் வங்கிக்குப் போகாமல் உண்டியலுக்குப் போனார். வங்கி வழியாக வந்த பணம் 2020-இல் 710 கோடி டாலர், 2021-இல் 549 கோடி, 2022-இல் 379 கோடி. நாட்டில் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 மார்ச் 7-இல் விலையை விட்டுவிட்டார்கள், மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. வங்கி விலையும் வெளி விலையும் நெருங்கியதும் பணம் மெல்ல வங்கிக்குத் திரும்பியது. 2023-இல் 597 கோடி டாலர்.

இந்தியாவில் அப்படிப்பட்ட இடைவெளி இன்று இல்லை. ஹவாலாவில் சில பைசா மிச்சம் பிடிப்பதற்காக, மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கும் அந்நியச் செலாவணிச் சட்டத்தோடு விளையாடுவது கணக்கு தெரிந்தவர் செய்யும் வேலையல்ல.

விலை ஏறுமா, இறங்குமா என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2025 டிசம்பரில் டாலர் முதல் முறையாக 90 ரூபாயைத் தாண்டியபோது, 85-இல் வாங்கியிருக்கலாமே என்று வருந்தியவர்கள் ஏராளம். நாளைய விலையை நிபுணர்களாலும் சொல்ல முடிவதில்லை. செமஸ்டருக்குச் செமஸ்டர் அனுப்ப வேண்டியவர் தொகையைப் பிரித்து மாதாமாதம் வாங்கினால் சராசரி விலை கிடைக்கும். இரண்டு வாரத்தில் பயணம் போகிறவர் விலைப் போக்கை ஆராய்வதைவிட நாலு கடை ஏறி இறங்குவதில் நிச்சயமான லாபம் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு மிச்சமிருக்கும் நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். அடுத்த ஆண்டும் அதே நாட்டுக்குப் போவதாக இருந்தால், குறைந்த விலைக்கு விற்று மறுபடியும் அதிக விலைக்கு வாங்குவதைவிட வைத்திருப்பதே மேல். நாணயச் சில்லறையை மட்டும் எந்தக் கடையும் திரும்ப வாங்காது. அதை அந்த ஊர் விமான நிலையத்திலேயே ஒரு காபிக்கோ, மீதி பில்லைக் கார்டில் கட்டும் சாக்லேட்டுக்கோ கொடுத்துத் தீர்த்துவிட்டு விமானம் ஏறலாம்.